சேமலாப நிதியைக் குறிவைக்கும் புதிய கங்காணிகள்



நமது நகரங்களின் பஸ் தரிப்பிடங்களைச் சுற்றியுள்ள மதில்களைப் பாருங்கள். தேர்தல் சுவரொட்டிகளுக்கு மேலே வேறு சுவரொட்டிகள் ஏறியிருக்கின்றன. "வெளிநாட்டில் கணினி விஞ்ஞானப் பட்டம்", "வீசா நிச்சயம்", "வங்கி மீதியை நாங்கள் காட்டுகிறோம்", "படித்துக்கொண்டே உழைக்கலாம்". கீழே ஒரு தொலைபேசி இலக்கம். அந்த இலக்கத்துக்கு அழைத்தால் பிள்ளையின் கணிதப் பெறுபேற்றை யாரும் முதலில் கேட்பதில்லை. "அம்மாவுக்கு எத்தனை வருட சர்வீஸ்? ஈ.பி.எஃப். எடுத்தாச்சா?" என்றுதான் பேச்சு தொடங்குகிறது.

நாங்கள் முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். தோட்டத்துப் பிள்ளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பதை இந்தச் சங்கம் எதிர்க்கவில்லை. அதற்காகத்தான் போராடுகிறது. "லயத்துப் பிள்ளைக்கு எதற்குக் கம்பியூட்டர்?" என்று கேட்பவர்களை எதிர்க்கிறோம். "காசைக் கட்டுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்பவர்களையும் அதே அளவுக்கு எதிர்க்கிறோம். முதலாமவருக்கு நமது பிள்ளையின் கை வேண்டும், கொழுந்து பறிக்க. இரண்டாமவருக்குத் தாயின் கைப்பணம் வேண்டும். பிள்ளையின் மூளை இருவருக்கும் வேண்டாம்.

கணக்கைப் பார்ப்போம்

முகவர்கள் இப்போது அதிகம் விற்கும் சொல் "ஜெர்மனியில் இலவசம்". இதில் பாதி உண்மை இருக்கிறது. அங்கே அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. எந்த மாநிலத்துக்குப் போனாலும் வீசாவுக்கு ஒரு வருடச் செலவுப் பணத்தை முடக்கப்பட்ட கணக்கொன்றில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ.

ஒரு யூரோ 340 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இது 40 இலட்சத்துக்கு மேல். 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். அப்படியானால் இந்தத் தொகை ஏறக்குறைய 3,000 பேர். மாதம் 25 பேர் தவறாமல் விழுந்தாலும், ஒரு சதம்கூடச் செலவழிக்காமல் 10 வருடம் மலைக்குப் போக வேண்டும். அதுவும் பிள்ளையின் முதல் வருடத்துக்கு மட்டும்.

சேவைக்காலப் பணம் இருக்கிறதே என்பீர்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளத் தொழிலாளிக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். 30 வருடம் வேலை செய்த தாய்க்கு 30 தடவை 14 தடவை 1,350. அதாவது 5,67,000 ரூபாய். அட்டைக்கடி, மழை, முதுகுவலி எல்லாவற்றுக்குமான கடைசிக் கூலி அவ்வளவுதான். பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும் கிடைக்கும் சேமலாப நிதியைச் சேர்த்தாலும் கணக்கு இடிக்கிறது. மிச்சத்தை எங்கே வாங்குவது? நகை அடகுக்குப் போகிறது, நுண்கடன் கம்பனி வாசலுக்கு வருகிறது, அண்ணன்மார் கொழும்புக் கடைகளில் முற்பணம் கேட்கிறார்கள்.

வாங்கிய கடன் வாங்கிய அளவில் நிற்பதுமில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் இருந்தது. மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. அந்த வருடம் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ரூபாய்க் கணக்கில் கட்டணம் ஏறத்தாழ இரட்டிப்பானது. பிள்ளை பரீட்சையில் ஒரு பாடமும் தவறவில்லை. கடன் மட்டும் இரண்டு மடங்கானது.

சொல்லாமல் விடுவது

"படித்துக்கொண்டே உழைக்கலாம்" என்பவர், எவ்வளவு உழைக்கலாம் என்று சொல்வதில்லை. ஜெர்மனியில் வெளிநாட்டு மாணவருக்கு வருடத்துக்கு 140 முழு நாள் வேலைக்குத்தான் அனுமதி. இங்கிலாந்தில் பட்டப்படிப்பு மாணவருக்குத் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம். அதில் சாப்பாட்டையும் அறை வாடகையையும் சமாளிப்பதே பெரும்பாடு. கட்டணத்தையும் வீட்டுக் கடனையும் அதே உழைப்பில் அடைக்கப் போனால், அனுமதிக்கு மேல் வேலை செய்ய வேண்டிவரும். பிடிபட்டால் வீசாவே போய்விடும்.

"வங்கி மீதியை நாங்கள் காட்டுகிறோம்" என்பதன் பொருள், பொய்ப் பத்திரம் கொடுப்போம் என்பது. கண்டுபிடிக்கப்பட்டால் முகவருக்கு ஒன்றுமில்லை, ஏனென்றால் விண்ணப்பத்தில் கையொப்பம் பிள்ளையுடையது. கனடா அப்படிப்பட்டவருக்கு 5 வருடத் தடை விதிக்கிறது. இங்கிலாந்து 10 வருடம் வரை விதிக்கலாம்.

மொழியைப் பற்றியும் பேச மாட்டார்கள். ஜெர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் கணினி விஞ்ஞான இளமாணிப் படிப்பு பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே நடக்கிறது. அதற்குக் கேட்கும் மொழித் தரம் பெரும்பாலும் சி1. மூன்று மாத வகுப்பில் வருகிற தரமல்ல அது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கணினி விஞ்ஞானம் என்றால் என்ன என்பதையே சொல்வதில்லை. அது கீபோர்ட் தட்டும் வகுப்பு அல்ல. முதலாம் வருடத்திலேயே நுண்கணிதம், நிகழ்தகவு, தாயங்கள், தருக்கம் எல்லாம் வரும். உயர்தரத்தில் கணிதம் படிக்க வாய்ப்பில்லாத பிள்ளையைக் காசை வாங்கிக்கொண்டு அந்த வகுப்பில் கொண்டுபோய் உட்கார்த்துவது, நீச்சல் தெரியாதவரைப் படகிலிருந்து தள்ளிவிடுவதற்குச் சமம்.

நமது பாட்டன்மார் கண்ட துண்டு

மலையகத்துக்கு இது புதிய கதையல்ல. கடல் கடந்து வந்த நமது முன்னோருக்கும் ஒருவர் ஆசை காட்டினார், முற்பணம் கொடுத்தார், வழிச்செலவைக் கணக்கில் எழுதினார். இங்கே இறங்கியபோது ஒவ்வொருவர் தலையிலும் கடன் இருந்தது. அந்தக் கடனை எழுதிய துண்டைக் கையில் வைத்திருந்தவரே அவருடைய எசமான். துண்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாது. அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1921இல். நூறு வருடம் கழித்து அதே துண்டை, கோட் சூட் போட்ட ஒருவர் குளிரூட்டிய அறையில் நீட்டுகிறார். இந்த முறை கடனாளியாகப் படகேறுவது பேரப்பிள்ளை.

ஒரு வித்தியாசம் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1985ஆம் ஆண்டின் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். ஏமாற்றினால் முறையிட ஓர் இடம் இருக்கிறது. படிப்புக்கு ஆள் அனுப்புபவரை அந்தச் சட்டம் தொடுவதில்லை. வீட்டு வேலைக்குப் போகும் அக்காவுக்கு இருக்கும் அந்தக் குறைந்த பாதுகாப்புக்கூடப் பட்டம் படிக்கப் போகும் தம்பிக்கு இல்லை.

வேறு பாதை இல்லையா?

"பணக்காரன் பிள்ளை போகிறதே, நமது பிள்ளை மட்டும் காத்திருக்க வேண்டுமா?" என்று சில தலைவர்மாரே எங்களிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. காத்திருக்கச் சொல்லவில்லை. பணக்காரன் காசு கொடுத்துப் போகும் இடத்துக்கு, காசு வாங்கிக்கொண்டு போகும் பாதையும் இருக்கிறது. அதை நமக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் குறை.

இந்திய அரசின் ராஜீவ் காந்தி புலமைப்பரிசில், இலங்கை மாணவர் அங்கே தகவல் தொழில்நுட்பப் பொறியியல் பட்டம் படிப்பதற்கென்றே உள்ளது. நேரு நினைவுப் புலமைப்பரிசில் பொறியியல், விஞ்ஞானம் உள்ளிட்ட துறைகளுக்கானது. கட்டணம், மாதாந்தப் படி, தங்குமிடம் எல்லாம் அதில் அடங்கும். விண்ணப்பம் கல்வி அமைச்சின் ஊடாகவே கோரப்படுகிறது, முகவர் தேவையில்லை. உள்நாட்டில் படிக்கும் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உதவுவதற்கென 1940களிலேயே தொடங்கப்பட்ட கல்வி நிதியம் ஒன்றும் இந்தியத் தூதரகத்தின் பொறுப்பில் இன்றும் இயங்குகிறது.

அடுத்தது நமது நாட்டுப் பல்கலைக்கழகம். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இலிருந்து இருக்கிறது. நமது பிள்ளைகளுக்கு அதன் கதவு வெகுகாலம் திறக்கவில்லை என்பது வேறு வழக்கு. ஆனாலும் அந்தக் கதவு நமதும்தான். கொழும்பிலும் மொரட்டுவையிலும் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் பதுளையின் ஊவா வெல்லஸ்ஸவிலும் கணினித் துறைப் பட்டங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவை மட்டமானவை என்று யாராவது சொன்னால், கூகுள் நிறுவனம் உலக மாணவர்களுக்கு நடத்தும் சம்மர் ஒஃப் கோட் திட்டத்தில் பல ஆண்டுகள் அதிக மாணவர்களைத் தந்த பல்கலைக்கழகம் எதுவென்று கேளுங்கள். மொரட்டுவை. வெட்டுப்புள்ளி எட்டாத பிள்ளைக்குக் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

அந்தப் பட்டத்தோடு வெளிநாடு போகும்போது நிலைமை தலைகீழாகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கணினி விஞ்ஞானக் கலாநிதிப் படிப்புக்குச் சேருபவருக்கு, கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் உதவுவதற்காகக் கட்டணம் தள்ளுபடியாகி மாதப் படியும் கிடைப்பது வழக்கம். சுவீடனிலும் ஜெர்மனியிலும் பலர் சம்பளம் பெறும் ஊழியராகவே கலாநிதிப் படிப்பைச் செய்கிறார்கள். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் புலமைப்பரிசில் முதுமாணி மாணவருக்குக் கட்டணத்தோடு மாதம் 1,400 யூரோவும் தருகிறது. பிள்ளைகளே, உங்கள் அறிவுக்கு விலை கொடுக்கும் வாசலைத் தேடுங்கள். தாயின் முதுகுவலிக்கு விலை பேசும் வாசலை மிதிக்காதீர்கள்.

பழி யார் மீது?

முகவர் வெறும் இடைத்தரகர். அவருக்குச் சந்தையை உருவாக்கிக் கொடுத்தது அரசு. தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. அரை நூற்றாண்டு ஆகியும் உயர்தரக் கணிதப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் தோட்டப் பகுதிகளில் மிகச் சிலவே. பௌதிகவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் வரும்வரை வகுப்பே இல்லை. கணினி அறைக்குப் பூட்டு, சாவி அதிபரிடம். கொரோனாக் காலத்தில் சிக்னல் தேடி மலை உச்சி ஏறிய பிள்ளைகளை நாடு முழுவதும் படத்தில் பார்த்தது. பார்த்ததோடு சரி.

விஞ்ஞான, கணிதத் துறைகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. ஆனால் கணித வகுப்பே இல்லாத பிள்ளைக்கு ஒதுக்கீடு இருந்து என்ன பயன்? மாவட்டத்தின் பெயரில் வரும் இடங்கள் நகரத்துப் பாடசாலையும் டியூஷனும் உள்ள பிள்ளைகளுக்கே போகின்றன. அந்தப் பிள்ளைகள் மீது எங்களுக்குக் கோபமில்லை. பின்தங்கியதாகக் கணக்குக் காட்ட நமது லயங்கள் வேண்டும், இடம் கொடுக்கும்போது நமது பிள்ளைகள் வேண்டாம் என்ற முறை மீதுதான் கோபம்.

எங்கள் கோரிக்கைகள்

ஒன்று: தோட்டப் பகுதிகளின் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் குறைந்தது ஒரு தமிழ்ப் பாடசாலையில் உயர்தரக் கணிதப் பிரிவும், தூரத்துப் பிள்ளைகளுக்கு விடுதியும் வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியைத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியரை உருவாக்க ஜெர்மனியின் உதவியோடு கட்டினார்கள். அந்த நோக்கத்துக்கு அது முழுமையாகப் பயன்பட வேண்டும்.

இரண்டு: வெளிநாட்டு அரசுகள் தரும் புலமைப்பரிசில்களில் பெருந்தோட்டப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு வேண்டும். அறிவித்தல் தமிழில், முடிவுத் திகதிக்கு முன்பே, தோட்டப் பாடசாலைகளுக்கு வந்து சேர வேண்டும்.

மூன்று: படிப்பு முகவர்களுக்கும் அனுமதிப்பத்திரம் கட்டாயமாக வேண்டும். வீசா மறுக்கப்பட்டால் கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சட்டம் வேண்டும்.

இவை கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். முகவர் நீட்டும் எந்தப் பத்திரத்திலும் கையொப்பம் வைக்குமுன் அதைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். வாசித்துத் தமிழில் விளங்கப்படுத்துவோம், அதற்குச் சந்தாவுக்கு மேல் ஒரு சதம் தேவையில்லை. அந்த வெளிநாட்டுப் பட்டத்தை இலங்கை ஏற்கிறதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். பிள்ளைக்கு இந்தத் துறை பிடிக்குமா என்று தெரிய வேண்டுமானால், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற அறிமுகப் பாடம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. முதலில் அதைப் படித்துப் பார்க்கட்டும். இலட்சங்களைக் கட்டிவிட்டுப் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்வதைவிட அது மேல்.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத்தினரும் இம்மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். தோட்டத்தில் கணிதம் படிக்க விரும்பியும் வகுப்பில்லாமல் வேறு பிரிவுக்குப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று டிவிசன் வாரியாகப் பெயர் எழுதிக் கொண்டுவாருங்கள். அந்தப் பெயர்ப் பட்டியலோடு வலயக் கல்விப் பணிமனைக்குப் போவோம்.