ஃபைபர் கேபிள் எந்தத் தெரு வரை?

ஐரோப்பா தன் பழைய தொலைபேசிக் கம்பிகளுக்கு விடை கொடுத்துக்கொண்டிருக்கிறது. செம்புக் கம்பி போன இடமெல்லாம் இப்போது கண்ணாடி இழையாலான ஃபைபர் கேபிள் வீட்டுக்குள்ளேயே போகிறது. செம்புக் கம்பியில் தூரம் கூடக்கூட இணைய வேகம் குறையும். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டுக்கு ஒரு வேகம், கடைக்கோடி வீட்டுக்கு வேறொரு வேகம். ஃபைபரில் பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கும் அதே வேகத்தைத் தர முடியும். ஊருக்கு ஒதுக்குப்புறமாக வாழ்பவர்களுக்கு இது சாதாரண விஷயம் அல்ல.

2030-க்குள் எல்லா வீடுகளுக்கும் ஜிகாபிட் வேக இணைப்பு என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் இலக்கு. இதில் ஸ்பெயின் வெகுவாக முந்திவிட்டது. கேபிளின் விலையைவிட மண்ணைத் தோண்டும் செலவே அதிகம். அங்கே பழைய தொலைபேசி நிறுவனம் தரைக்கடியில் வைத்திருந்த குழாய்களைப் போட்டி நிறுவனங்களும் பயன்படுத்தலாம் என்று 2009 வாக்கிலேயே விதி வந்தது. செம்பையே சீர்திருத்தி ஓட்டப் பார்த்த ஜெர்மனி பின்தங்கியது. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலோ, பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத கிராமங்களின் மக்கள் 2011-ல் 'பி4ஆர்என்' என்ற அமைப்பைத் தொடங்கி, விவசாயிகள் தங்கள் நிலத்தில் வழி கொடுக்க, தாங்களே பள்ளம் தோண்டிக் கேபிள் பதித்தார்கள்.

இந்தக் கணக்குகளைப் படிக்கும்போது ஒரு சொல்லில் நிதானிக்க வேண்டும். 'சென்றடைந்த வீடுகள்' என்று அறிக்கைகளில் வருவது, கேபிள் அந்த வீட்டருகே போகிறது, கேட்டால் இணைப்பு தர முடியும் என்பதை மட்டுமே குறிக்கும். அந்த வீட்டுப் பிள்ளை இணையத்தில் படிக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை.

ருமேனியாவை எடுத்துக்கொள்வோம். ஃபைபரில் ஐரோப்பாவின் முன்னணி நாடுகளில் அதுவும் ஒன்று. ரோமா மக்கள் அதிகம் வாழும் நாடுகளிலும் ஒன்று. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போன இம்மக்களின் ரோமானி மொழிக்கும் இந்தி, பஞ்சாபிக்கும் உறவுண்டு. ருமேனியாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவர்கள் அடிமைகளாக இருந்தார்கள். இன்றும் ஐரோப்பாவின் பல நாடுகளில் ரோமா குடியிருப்புகள் ஊரின் விளிம்பில், பட்டா இல்லாத நிலத்தில் இருக்கின்றன. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கணினியும் இணையமும் இல்லாமல் ரோமா பிள்ளைகள் பலர் படிப்பிலிருந்து விடுபட்டதை ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமையே பதிவு செய்தது. கண்டம் முழுக்கக் கேபிள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது.

நம் ஊர்க் காலனிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் தார்ச்சாலையும் எந்த வரிசையில் வந்தன என்பது எல்லோருக்கும் தெரியும்.

2011-ல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டம் ஃபைபரை ஊராட்சி வரை கொண்டுவருகிறது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளை இணைப்பது அதன் நோக்கம். ஆனால் ஓர் ஊராட்சியில் பல குக்கிராமங்கள் உண்டு. காலனி அவற்றில் ஒன்று. ஊராட்சி அலுவலகத்தில் கேபிள் வந்து நின்றாலே அந்த ஊராட்சி 'இணைக்கப்பட்டது' என்று கணக்கில் ஏறிவிடும். அங்கிருந்து காலனிக்கு உள்ள அரைக் கிலோமீட்டர் எந்தப் பட்டியலிலும் தனியாகத் தெரியாது.

எனவே கணக்கை ஊராட்சிவாரியாக அல்லாமல் குக்கிராமவாரியாக வெளியிட வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், விடுதிகள், காலனி அங்கன்வாடிகள் ஒவ்வொன்றிலும் இணைப்பு வேலை செய்கிறதா என்பதும் அதில் இருக்க வேண்டும். இதற்காகச் சென்னை வரை போக வேண்டாம். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. கல்லூரியில் படிக்கும் காலனிப் பிள்ளைகள் அடுத்த கூட்டத்திலேயே இதை எழுந்து கேட்கலாம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.