ஆறின கஞ்சி

போன சனிக்கிழமை காலை துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. கிள்ளான் நண்பர். போர்ட் கிள்ளானில் கொள்கலன் லாரி ஓட்டி அவருக்கு முப்பது வருடம் ஆகிறது. சும்மா கூப்பிடுகிற ஆள் இல்லை. வீட்டு நலம், முட்டி வலி, மழை எல்லாம் பேசி முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "அண்ணே, ஏர்லைன்ஸ்ல உங்களுக்கு யாரையாச்சும் தெரியுமா?"

இதற்கு நாம் வைத்திருக்கும் சொல் 'கேபிள்'. மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவருக்கும் ஒரே பொருளில் புரியும் சொற்களில் இதுவும் ஒன்று. ஒற்றுமைக்கு வேறு சான்று வேண்டாம்.

மகனுக்காகக் கேட்டார். பையனுக்கு இருபத்தெட்டு வயது. கிள்ளானில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் சுங்கப் பாரங்கள் நிரப்புகிறான். வீட்டுச் சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவன் புகைப்படம் இருக்கிறது: வெள்ளைச் சட்டை, தோளில் கோடுகள், நெஞ்சில் சிறகு. வணிக விமானி உரிமம் அவன் கைக்கு வந்தது 2020 பிப்ரவரி கடைசியில். மூன்றே வாரத்தில், மார்ச் 18 அன்று, நடமாட்டக் கட்டுப்பாடு வந்து நாடே வீட்டுக்குள் முடங்கியது.

அந்தச் சட்டைக்குப் பின்னால் ஏறக்குறைய மூன்று லட்சம் வெள்ளி இருக்கிறது. வீட்டின் மேல் மறுகடன், ஊழியர் சேமநிதியின் இரண்டாம் கணக்கு, அவன் அம்மாவின் சங்கிலி. நண்பர் அதைத் தொகையாகச் சொன்னதே இல்லை. ஒருமுறை மட்டும், "அந்தக் காசுக்குச் சொந்தமா ஒரு லாரியே எடுத்திருக்கலாம்ணே" என்றார். சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினார்.

அந்த உரிமத்துக்குள் என்ன இருக்கிறது என்று பையன்தான் எனக்கு ஒருநாள் விளக்கினான். பதினான்கு பாடங்களில் எழுத்துத் தேர்வு. வானிலை, திசையறிதல், விமானச் சட்டம், எடையும் சமநிலையும் என்று போகும். சின்ன விமானத்தில் சுமார் 200 மணி நேரப் பறப்பு. மேகத்துக்குள் கண்ணை நம்பாமல் கருவிகளை நம்பி ஓட்டும் தகுதி. இவ்வளவும் முடித்தவனுக்குக் கிடைப்பதை அவர்கள் 'ஃப்ரோசன்' என்கிறார்கள். பெரிய உரிமத்துக்கான படிப்பு முடிந்துவிட்டது, ஆனால் 1,500 மணி நேரம் சேரும்வரை அது உறைந்து கிடக்கும். வேலை கிடைத்தால் மணி ஏறும், உரிமம் உருகும்.

கிடைக்காவிட்டால் கெடும். கருவித் தகுதியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்றும் அப்படியே. இரண்டுக்கும் காசு. ஏ320 ஓட்ட ஒரு தனிப் படிப்பு, போயிங் 737 ஓட்ட வேறொன்று. சில நிறுவனங்கள் தாங்களே படிக்கவைத்து, இத்தனை வருடம் இங்கேதான் இருப்பேன் என்று எழுதி வாங்கிக்கொள்ளும். வேறு சில, அதையும் நீயே படித்து முடித்துவிட்டு வா என்று எதிர்பார்க்கும். இதற்கு மேல், ஆள் எடுக்கும் விளம்பரங்களில் ஓரமாக ஒரு வரி வரும்: பயிற்சியை அண்மையில் முடித்தவர்களுக்கு முன்னுரிமை. வேலை தராததால்தான் ஒருவன் பழசாகிறான். பழசாகிவிட்டான் என்பதால் வேலை இல்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார் என் பாட்டி. கஞ்சி தானாக ஆறியதா, ஆறவிட்டார்களா என்று பாட்டி கேட்டதில்லை.

அமெரிக்காவில் இந்த இடைவெளியைக் கடக்க ஒரு வழி உண்டு. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகருக்கருகே கோல்கன் நிறுவனத்தின் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன்பின் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டு, 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்றானது. (அந்த விமானத்தை ஓட்டிய இருவருமே அதைவிட அதிகம் பறந்தவர்கள். அது வேறு கதை.) அங்கே புதியவன் பறப்புப் பள்ளியிலேயே ஆசிரியனாகி, மாணவனோடு உட்கார்ந்து மணி சேர்த்துக்கொள்வான். பறப்புப் பள்ளிகளும் சின்ன விமானங்களும் ஊருக்கு ஊர் இருக்கும் நாடு அது. நம் நாட்டில் பத்து பிரண்டாமிலும் லங்காவியிலும் கோத்தா பாருவிலும் பயிற்சி தந்த பள்ளிகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் எத்தனை ஆசிரியர் நாற்காலி தேறும்? பயிற்சி முடிந்தவன் நேராகப் பெரிய விமானத்தின் வலப்பக்க இருக்கைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் சுங்கப் பாரம் நிரப்ப வேண்டும். நடுவில் படி இல்லை.

இது அவன் ஒருவன் கதையும் இல்லை, கொரோனா கொண்டுவந்த கதையும் இல்லை. 2014-இல் எம்எச்370, எம்எச்17 என்று நான்கே மாத இடைவெளியில் இரண்டு பேரிடர்கள். அந்த ஆகஸ்டில் அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா, மாஸ் விமான நிறுவனத்துக்கு 600 கோடி வெள்ளி மீட்புத் திட்டத்தை அறிவித்தது. இருபதாயிரம் ஊழியரில் ஆறாயிரம் பேர் குறைக்கப்படுவார்கள் என்றது. உரிமத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பற்றி அப்போதும் நாளிதழ்களில் படித்தோம். பிறகு விமானத் துறை கொஞ்சம் நிமிர்ந்தது. 2020-இல் மறுபடி விழுந்தது. மலிண்டோ விமான நிறுவனம் மட்டுமே ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரை அனுப்பியது. வானம் திறந்தபோது முதலில் உள்ளே போனவர்கள் வெளியே அனுப்பப்பட்ட அனுபவசாலிகள். அதில் தப்புச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் மணி உள்ளவனை நிற்கவைத்துவிட்டு 200 மணிக்காரனை யார் கூப்பிடுவார்கள்? 2022 டிசம்பர் 1 அன்று மைஏர்லைன் பறக்கத் தொடங்கியபோது கிள்ளான் வீட்டில் மறுபடி நம்பிக்கை வந்தது. 2023 அக்டோபர் 12 விடியற்காலையில் அந்த நிறுவனம் சேவையை நிறுத்துவதாக அறிவித்தது. முன்பதிவு செய்தவர்கள் விமான நிலையத்தில் தவித்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த விமானிகளும் மறுபடி வரிசைக்கு வந்தார்கள். இவனுக்கு முன்னால்.

'சூரரைப் போற்று' வெளிவந்தது 2020 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏழைக்கும் விமானம் என்று கனவு காணும் சோழவந்தான் இளைஞனின் கதை. ஏர் டெக்கான் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவியது. நாடு முழுக்க விமானங்கள் தரையில் வரிசைகட்டி நின்ற அந்த நவம்பரில், வேலையில்லாத விமானியை நடுவில் உட்காரவைத்து அந்தக் குடும்பம் இந்தப் படத்தைப் பார்த்தது. அம்மா அழுதாராம். அவன் பாதியில் எழுந்து போய்க் காரைக் கழுவினானாம்.

சரி, பாகுபாட்டுக்கு வருவோம். இவனுக்கு ஏன் வேலை இல்லை என்று கேட்டால், கிள்ளான் தெங்கு கிலானா சாலையில் எந்தக் கடை மேசையில் உட்கார்ந்தாலும் பதில் தயாராக இருக்கும்: "நம்ம பையன்னா எடுக்கமாட்டான்." அடுத்த மேசையில், "பெரிய ஆளுங்க புள்ளைங்களுக்குத்தான்." இவற்றைச் சிரித்து ஒதுக்கும் உரிமை எனக்கில்லை. பூமிபுத்ரா மாணவனுக்கு மாரா கடன் என்று ஒரு கதவு இருந்தது. லாரிக்காரர் மகனுக்கு வீட்டுப் பத்திரம்தான் கதவு. ஓடுபாதைக்கு வந்து சேர்வதற்குள்ளேயே சுமை வேறாகிவிடுகிறது. ஆனால், இனத்தை வைத்து எல்லாவற்றையும் விளக்குகிறவர்கள் தடுமாறும் இடங்களும் உண்டு. 2001-இல் ஒரு வெள்ளிக்கு ஏர் ஆசியாவை, அதன் நான்கு கோடி வெள்ளிக் கடனோடு சேர்த்து, கூட்டாளிகளோடு வாங்கியவர் டோனி ஃபெர்னாண்டஸ். அங்கே அலுவலகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்த ஒரு தமிழ் இளைஞர் பின்னாளில் கேப்டன் ஆனார். அந்தக் கதையை நம் வீடுகளில் எல்லாரும் சொல்வோம். சொல்லும்போது ஒன்றை விட்டுவிடுவோம்: அவர் உள்ளிருந்து எடுக்கப்பட்டவர். வீட்டை வைத்து உரிமம் வாங்கி, வாசலில் வந்து நின்றவர் அல்லர்.

முன்பெல்லாம் மாஸ் நிறுவனமே பயிற்சி விமானிகளைத் தேர்ந்து, படிக்கவைத்து, வேலையும் தரும். தேர்வில் தோற்றவனுக்கு மனவருத்தம் உண்டு, கடன் இல்லை. இப்போது வரிசை தலைகீழ். முதலில் செலவழி, பிறகு தேர்வுக்கு வா. முன்பு நிறுவனம் தோளில் சுமந்த சூதாட்டம் இப்போது கிள்ளானில் ஒரு வரிசை வீட்டின் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. என்னைக் கேட்டால் அநியாயம் நேர்முக அறையில் தொடங்குவதில்லை, இங்கே தொடங்குகிறது.

கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் வளர்ந்த பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வேக்காரர்களின் ஊர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிலைய அதிகாரியாகவும் குமாஸ்தாவாகவும் இருந்தார்கள். என் தாத்தா எப்படி வேலைக்கு வந்தார்? அவருடைய மாமா இங்கிருந்து கடிதம் போட்டார், இவர் கப்பலேறினார். மாமாவின் வெள்ளைக்கார அதிகாரி தலையசைத்தார், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'மாமா கைதூக்கிவிட்டது'. அன்று வாசலில் கடிதமில்லாமல் நின்ற இன்னொருவன் அதை என்ன பெயரில் சொன்னானோ. கந்தசுவாமி கோவிலில் தாத்தா பெயரில் அர்ச்சனை செய்கிற நான், கேபிளைத் திட்டிப் பத்தி எழுதுவதில் ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்கிறது.

பையனிடம் ஒருமுறை கேட்டேன், எது அதிகம் உறுத்துகிறது என்று. இனம், கேபிள் எதையும் அவன் சொல்லவில்லை. "பதில் வராதது, அங்கிள்" என்றான். ஐந்து வருடத்தில் அவன் அனுப்பிய விண்ணப்பங்களில் இரண்டு இடத்திலிருந்துதான் அழைப்பு வந்தது. ஓரிடத்தில் எழுத்துத் தேர்வு முடித்து, சிமுலேட்டரில் உட்காரவைத்தார்கள். இறங்கியதும் நன்றாகச் செய்தாய் என்றார்களாம். அதோடு சரி. தேறவில்லை என்றுகூட யாரும் எழுதவில்லை. எங்கே தவறினோம் என்று தெரிந்தால் அதைத் திருத்தலாம். தெரியாதவனிடம் தெங்கு கிலானா சாலை மேசைகள்தான் விளக்கம் சொல்லும்.

புகார் செய்யலாமே என்பீர்கள். 2023 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தில் பாகுபாடு பற்றி 69எஃப் என்று ஒரு பிரிவு சேர்ந்திருக்கிறது. தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம். ஆனால் அது ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறுக்கு. வாசலில் நிற்கிறவன் இன்னும் ஊழியன் ஆகவில்லையே! நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை அழைத்தார்கள், எடுத்தவர்களில் சொந்தப் பயிற்சித் திட்டத்தில் வந்தவர் எத்தனை, சொந்தக் காசில் படித்தவர் எத்தனை. விமான நிறுவனங்கள் வருடத்துக்கு ஒருமுறை இந்த எண்ணிக்கையை வெளியிடட்டும். பறப்புப் பள்ளிகளும், போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் விமானி இருக்கையில் இருக்கிறார்கள் என்று விண்ணப்பப் பாரத்தின் முதல் பக்கத்திலேயே அச்சடிக்கட்டும். கட்டணத்துக்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில். அப்பா அம்மா அதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடட்டும்.

இந்தத் தொழிலில் தாமதத்துக்கு வட்டியும் உண்டு. பல நிறுவனங்களில் சேர்ந்த தேதிதான் எல்லாம்: யார் முதலில் கேப்டன், யாருக்கு எந்தப் பாதை, யாருக்குத் தீபாவளி விடுமுறை. ஐந்து வருடம் பிந்திச் சேர்கிறவன் ஓய்வு பெறும்வரை அந்த ஐந்து வருடம் பின்னால்தான் நிற்பான்.

கே.எல். சென்ட்ரலில் விமான நிலைய ரயில் ஏறும் இடத்தில் சீருடைக்காரர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறேன். அவர்களில் சிலர் சின்னப் பிள்ளைகள். அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்கள் வீட்டிலும் ஒரு பத்திரம் வங்கியில் இருக்கலாம்.

நண்பருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று சொல்லவில்லையே. எனக்கு ஒருவரைத் தெரியும். பழைய பள்ளித் தோழனின் மருமகன், கேப்டன். பூக்கடைப் பக்கத்திலேயே நின்று, பையனுடைய பெயர், உரிமம் வாங்கிய வருடம், பறந்த மணி எல்லாம் தட்டி வாட்சாப்பில் அனுப்பினேன். 'முடிந்தால் பாருங்கள் தம்பி' என்று கடைசியில் சேர்த்தேன். மாமா கைதூக்கிவிடும் வேலைதான், வேறென்ன.

ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு கோடும் நீலமாகியிருந்தன. இன்று வியாழன். பதில் இல்லை. கிள்ளான் நண்பர் காலையில் கூப்பிட்டார்; நான் இன்னும் எடுக்கவில்லை.