கல் தூசியும் கினிப் பன்றியும்



கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்குக் கிரானைட் பட்டறையில் கல் அறுக்கும் வேலை. இருமல் விடாமல் போகவே சளியைப் பரிசோதித்து, டி.பி. என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். “ஒரே வீடு, ஒரே சாப்பாடு. எனக்கும் மாமியாருக்கும் வராதது அவருக்கு மட்டும் ஏன்?” என்று கேட்கிறார்.

அம்மா, இதே கேள்விக்கு 1920களிலேயே கினிப் பன்றிகளிடம் விடை தேடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் சாரனாக் லேக் ஊரில் லீராய் கார்ட்னர் என்ற மருத்துவர் அவற்றைக் கிரானைட் தூசியைச் சுவாசிக்க வைத்தார். வீரியம் குறைந்த டி.பி. கிருமியையும் கொடுத்தார். தூசி படாத பிராணிகளுக்கு அதனால் வரும் நுரையீரல் புண் தானாக ஆறிவிடும். தூசி படிந்த நுரையீரலிலோ நோய் முற்றியது.

காரணம் இதுதான். உள்ளே வரும் கிருமியையும் தூசியையும் விழுங்குவது ஒரே வகைக் காவல் செல்கள். கல்லில் உள்ள சிலிகா அந்தச் செல்களையே சிதைத்துவிடுகிறது. பிறகு கிருமியை யார் அடக்குவது? எல்லாக் கல்லும் ஒன்றல்ல. பர்கூர் பக்கத்துப் பாரடைசோ போன்ற வண்ணக் கற்களில் சிலிகா அதிகம். கறுப்புக் கல்லில் குறைவு. சிலிகா படிந்த நுரையீரலுக்கு வழக்கமான ஆறு மாதத்துக்கும் மேல் மாத்திரை தேவைப்படலாம். அதனால், மருத்துவரிடம் உங்கள் கணவர் செய்யும் வேலையையும் அவசியம் சொல்லுங்கள்.

இதற்காக, பிராணி சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் சொல்ல வரவில்லை. சாதாரண ஆய்வக எலிக்கு டி.பி. வந்தாலும் நம் நுரையீரலில் விழுவதுபோல் குழி விழாது. டி.பி.க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி கினிப் பன்றியை நன்றாகவே காத்தது. 1968இல் தொடங்கிய செங்கல்பட்டு ஆய்வில் லட்சக்கணக்கானோருக்கு அதைப் போட்டுப் பார்த்தார்கள். பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999இல் வந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஆய்வு தொடங்குவதற்கு முன்பே, 1966இல், பாமர், லாங் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு துப்புக் கொடுத்திருந்தார்கள். டி.பி. கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமிகள் மண்ணிலும் நீரிலும் உண்டு. அவை முன்பே தொற்றிய கினிப் பன்றிகளுக்கு ஓரளவு பாதுகாப்பு இருந்தது. அதற்கு மேல் பி.சி.ஜி. பெரிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. சுத்தமான கூண்டில் வளர்ந்த பிராணி வேறு, செங்கல்பட்டு மண்ணில் வளர்ந்த உடம்பு வேறு. 2020இல் அதே பி.சி.ஜி.யைக் குரங்குகளுக்கு இரத்தக்குழாய் வழியே செலுத்தினார்கள். பத்தில் ஒன்பது நன்றாகவே தப்பின. மனிதருக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பது இனிமேல்தான் தெரியவேண்டும்.

தூசியைத் தடுக்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓசூர், பர்கூர், கிருஷ்ணகிரி வாசகர்களே, உங்கள் பட்டறையில் தண்ணீர் விட்டு அறுக்கிறார்களா, வறட்டுக் கல்லையே அறுக்கிறார்களா? எழுதுங்கள். பெயர் வெளியிட மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்