வால்வு என்ன பாவம் செய்தது?

“நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் வால்வு எதுக்கு சார்? கழட்டிக் கடாசுங்க!”

பழைய கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்த உபதேசம் வந்துவிடும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சமீபத்தில் அப்படியொரு கூட்டத்தில், அம்பாசடர் மார்க் 4 வைத்திருக்கும் அன்பர் ஒருவர் மைக்கைப் பிடித்து இதையே சொற்பொழிவாக ஆற்றினார். கைதட்டல் வேறு. அவருடைய வாதம் இவ்வளவுதான்: ஹீட் மீட்டர் முள் ஏறியது, வால்வைக் கழற்றினேன், முள் இறங்கியது, ஆகவே வால்வுதான் குற்றவாளி. நடுநடுவே ‘வெள்ளைக்காரன்’, ‘குளிர் நாடு’ என்று கொஞ்சம் மசாலா.

வெயில் சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடலாம். 82 டிகிரி என்று முத்திரை குத்திய வால்வுக்குள் இருப்பது ஒரு சின்ன மெழுகுக் குப்பி. இன்ஜின் தண்ணீர் 82-ஐத் தொட்டால் மெழுகு விரிந்து, அதை ரேடியேட்டருக்கு விட வால்வு திறக்க ஆரம்பிக்கும். 95 வாக்கில் முழுசாகத் திறந்துவிடும். வெளியே வேலூர் அக்னி நட்சத்திரமா, ஊட்டி மார்கழியா என்பதெல்லாம் மெழுகுக்குத் தெரியாது. கத்திரி வெயிலில் கொஞ்சம் சீக்கிரம் திறக்கும், அவ்வளவே. முழுசாகத் திறந்த பிறகும் வண்டி கொதித்தால் ரேடியேட்டர் அடைப்பையும் ஃபேன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும்.

குளிர் நாட்டுக்காரன் வைத்ததாம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இன்று தயாராகிற கார்களிலும் வால்வு இருக்கிறதே, அதை யார் வைத்தது?

அன்பரின் தலையாய சாட்சி அந்த முள். அவர் டிகிரியைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தார். நாற்பது வயதான வண்டியில் முள் காட்டுவது தண்ணீரின் சூட்டை மட்டுமல்ல; அந்தச் சூட்டை உணரும் சென்டர், அதிலிருந்து மீட்டர் வரை போகும் ஒயர், மீட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர், எர்த் என்று எல்லாருடைய யோக்கியதையையும் சேர்த்துத்தான் அது காட்டுகிறது. சூடு ஏற ஏற சென்டரின் மின்தடை குறையும், கரன்ட் அதிகமாக ஓடும், முள் ஏறும். ஆக, தோல் உரிந்த ஒயர் பாடியில் உரசினாலே போதும், முள் நேராக ‘எச்’சுக்கு ஓடிவிடும். இன்ஜின் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தாலும் சரி.

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போடுங்கள். முள் ‘சி’யில் கிடக்க வேண்டும். மேலே ஏறினால் சென்டரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். முள் விழுந்தால் சென்டர் போச்சு. விழவில்லையா, ஒயர் எங்கோ பாடியில் தொடுகிறது அல்லது மீட்டரே கெட்டிருக்கிறது. இன்ஜின் சூடான பிறகுதான் முள் அளவுக்கு மீறி ஏறுகிறது என்றால், பக்கத்திலிருக்கும் பெட்ரோல் மீட்டரையும் ஒரு பார்வை பாருங்கள். அரை டேங்க் போட்டு முக்கால் காட்டுகிறதா? அப்படியானால் ஸ்டெபிலைசர்தான். ஸ்மித்ஸ் வகை மீட்டர் உள்ள வண்டிகளில் இரண்டு முள்ளுக்கும் சராசரியாகப் பத்து வோல்ட் அளந்து கொடுப்பது இந்தத் தீப்பெட்டி அளவுத் தகர டப்பா. இதற்கு எர்த் கிடைக்காவிட்டால் பேட்டரியின் மொத்த வோல்டேஜும் மீட்டருக்குப் போய்விடும். டிங்கரிங், பெயின்டிங் முடித்து வந்த வண்டிகளில் இது ரொம்ப சகஜம். ஸ்க்ரூ உட்காரும் இடத்தில் புதுப் பெயின்ட் அப்பியிருக்கும். அதைச் சுரண்டிவிட்டு முறுக்கினால் வேலை முடிந்தது. உப்புத்தாள் காசுகூட ஆகாது.

நம் அன்பரின் வண்டி போன வருடம்தான் பெயின்ட் அடித்து வந்தது என்று அவரே மேடையில் பெருமையாகச் சொன்னார். மேலே நான் எதுவும் சொல்லவில்லை.

‘அப்படியென்றால் வால்வைக் கழற்றியதும் முள் ஏன் இறங்கியது?’ என்று கேட்பார். இறங்காமல் என்ன செய்யும்? வால்வு இல்லாத இன்ஜினில் ஹைவேயில் தண்ணீர் அறுபது, அறுபத்தைந்தைத் தாண்டவே திணறும். கூட்டிச் சொல்லும் முள் அந்த அறுபதை எண்பது என்று காட்டும். பொய்ச் சாட்சியை விட்டுவிட்டு, அந்தச் சாட்சிக்குப் பொருந்துகிற மாதிரி சம்பவத்தையே மாற்றியிருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கக் கூத்தும் உண்டு. சென்டர் மரையில் டெஃப்ளான் டேப்பைச் சுற்றிச் சுற்றி மாட்டுவார்கள். எர்த் நலிந்து முள் குறைத்துக் காட்டும். மரை பொருந்துகிறதே என்று வேறு வண்டியின் சென்டரைப் போட்டால் அது வேறு கணக்குச் சொல்லும். எல்லாவற்றையும்விட மோசம், தண்ணீர் குறைந்து சென்டர் அந்தரத்தில் நிற்பது: உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்கும், முள் சாதுவாகப் பாதியில் நிற்கும்.

உண்மைச் சூடு தெரிய வேண்டுமானால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருக்கிறது. கொரோனா காலத்தில் நெற்றியில் நீட்டினார்களே, அது உதவாது. நாற்பத்திச் சொச்சத்தோடு கையை விரித்துவிடும். ஒர்க்‌ஷாப் வகை வேண்டும். அதையும் பளபளக்கும் அலுமினியத்தில் காட்டினால் குறைத்துச் சொல்லும். வால்வு மூடியில் கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் காட்டுங்கள்.

“இத்தனை வருஷமா வால்வு இல்லாமத்தான் ஓட்டறேன், ஒண்ணும் ஆகலை” என்பது கடைசி அஸ்திரம். ஆயில் மூடியைத் திறந்து அடியில் வெண்ணெய் மாதிரி ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லட்டும். மைலேஜையும் கூடவே சொல்லட்டும். சில இன்ஜின்களில் வால்வு திறக்கும்போது பைபாஸ் வழியையும் அதுவே அடைக்கும். அங்கே வால்வை எடுத்தால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிச் சுற்றி வந்து, வண்டி முன்னைவிட அதிகமாகக் கொதிக்கும்.

வால்வு மூடிய நிலையில் சிக்கிக்கொள்வது உண்டு, மறுக்கவில்லை. அதற்கும் பரீட்சை இருக்கிறது. கழற்றிய வால்வை நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள்; பக்கத்தில் ஒரு சமையல் தெர்மாமீட்டர். 82 வாக்கில் வாய் பிளந்தால் வால்வு நல்ல வால்வு, திரும்ப மாட்டிவிட வேண்டியதுதான். கொதிக்கும் வரை பிளக்காவிட்டால் புதிது வாங்குங்கள். எதுவானாலும் பழைய கேஸ்கெட்டை மறுபடி போடாதீர்கள், ஒழுகும்.