சிவப்பு ஜன்னலே துணை!

உத்தரகோசமங்கை மரகத நடராஜருக்கு வழக்கமா வருஷத்துக்கு ஒரு தடவை, மார்கழி ஆருத்ரா தரிசனத்தை ஒட்டித்தான் சந்தனம் களைவாங்க. அன்னிக்குக் கோயில் வாசல் கூட்டத்தை 120 ரோல்ல எடுக்கப் போறீங்களா? மொத்தமே 12 படம்தான் மக்கா. ஃபிலிம் சரியா நகராம ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா, அடுத்த மார்கழி வரைக்கும் காத்திருக்கணும்.

என் கட்சி இதுதான்: தானா எண்ணி நிக்கிற யாஷிகா மேட்டை விட, பரோடாவுல நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் செஞ்ச அக்ஃபா கிளிக் 3 இதுக்கு மேல். லென்ஸ் சுமார்தான், ஒத்துக்கறேன். ஆனா யாஷிகாவுல பல்சக்கரம் தேஞ்சிருந்தா வெளிய தெரியாது. ஃபிலிம் கழுவினப்புறம்தான் குட்டு உடையும். கிளிக்குக்கு முதுகுல சிவப்பு ஜன்னல். தாள்ல அச்சடிச்ச நம்பரையே பார்த்துச் சுத்தலாம். குமிழ் லேசா சுத்துது, நம்பர் வரலையா? தாளோட நுனி ஸ்பூல் பிளவுல மாட்டலைன்னு முதல் படத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.

யாஷிகாதான் வேணுமா? கார்த்திகையிலயே ஒரு ரோலைப் பலி கொடுத்து, கழுவி, படங்களுக்கு நடுவுல இடைவெளி சீரா இருக்கான்னு பாருங்க. கைப்பிடி இறுகினா முறுக்காதீங்க. எண்ணெய் மட்டும் விடவே கூடாது! ஷட்டர் தகட்டுல பரவினா ஒட்டிக்கும்.

யாஷிகா கட்சிக்காரங்க சண்டைக்கு வரலாம் :-)