கல்வெட்டுக் காலமும் கணினி வகுப்பும்

கொங்குக் கல்வெட்டுகளைத் தரவுத்தளமாக்குவோர்க்கு, பொருள்நோக்கு நிரலாக்கத்தில் நாளை வடிவமைக்கும் வகுப்பொன்றை எழுத நேர்கிறது. ஜாவாவின் 'டேட்' வகுப்பு, எந்நாளையும் 1970 சனவரி 1 முதலாக எண்ணப்படும் மில்லிநொடிகளாகவே கொள்ளும். கொங்குச் சோழர் கல்வெட்டுகள் பலவும் தருவது மன்னனின் ஆட்சியாண்டு மட்டுமே. அவன் அரியணையேறிய ஆண்டில் அறிஞர் மாறுபடின் விடையும் மாறும். பாண்டியர் சாசனங்களின் 'எதிர்' ஆண்டோ இரண்டு எண்களைக் கூட்டச் சொல்கிறது. பிற்காலத்துப் 'பிரபவ' என்னும் பெயர் 1867, 1927, 1987 என அறுபதாண்டுக்கொருமுறை மீளும். பெயரை மட்டும் கொண்டு நிரல் என்ன செய்யும்?

ஆதலின், கல்லிலுள்ள தொடரே வகுப்பின் மாறாப் பண்பாதல் வேண்டும். கிறித்து ஆண்டு, கணித்தவர் பெயரோடு, செயற்கூறின் விடையாக மட்டுமே வருதல் வேண்டும் என்பது என் கருத்து. தொடரை நீக்கி ஆண்டெண்ணை மட்டும் சேமித்தால், நாளை அரியணையேற்ற ஆண்டு திருத்தப்படும்போது எப்பதிவுகளை மாற்றுவதென அறிய வழியிராது.