ஐவரியா, ஆஃப் ஒயிட்டா?

மும்பையில் மழை ஓய்ந்ததும் பெயின்டர்களுக்குக் கிராக்கி வந்துவிடும். தீபாவளிக்குள் வேலை முடிய வேண்டுமே! நம்மவர் வீடுகளில் அப்போது எழும் கேள்வி, ஐவரியா ஆஃப் ஒயிட்டா என்பதுதான். "இரண்டும் வெள்ளைதானே" என்று ஒதுங்கிக்கொள்ளும் கணவன்மார்களில் நானும் ஒருவன். அது தவறு என்பது இப்போது என் கட்சி.

சென்ற வருடம் கடையில் ஷேட் கார்டின் தபால்தலை அளவுச் சதுரத்தைப் பார்த்து ஆஃப் ஒயிட் என்று சொல்லிவிட்டேன். எங்கள் உள்ளறை வடக்குப் பார்த்தது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். லேசான சாம்பல் சாயல் கொண்ட அந்த வெள்ளை, 6500 கெல்வின் எல்.இ.டி. குழல் விளக்கின் கீழ் நீலம் பாய்ந்து நின்றது. கண்புரை ஆபரேஷன் முடிந்து ஊரிலிருந்து வந்த அம்மா இரண்டே நாளில், "ஆஸ்பத்திரியில படுத்திருக்கற மாதிரி இருக்குடா" என்று கட்டிலை ஹாலுக்கு நகர்த்தச் சொன்னாள். புரை எடுத்தவர்களுக்கு நீலம் தூக்கலாகவே தெரியும். மஞ்சளித்த பழைய லென்ஸ் போய்விடுகிறதல்லவா?

"பொங்கலுக்குச் சுண்ணாம்பில் நீலம் கலந்தவளே நீதானே?" என்று கேட்டேன். "அங்கே முற்றத்தில வெயில் இருந்தது" என்றாள். அதற்குமேல் நான் என்ன சொல்ல!

4000 கெல்வின் விளக்கு மாற்றினேன். கொஞ்சம் தேறியது. கட்டில் மட்டும் திரும்பவில்லை.

ஆகவே இந்த முறை இரண்டிலும் ஒவ்வொரு சிறிய டின் வாங்கி, இரண்டடி வெள்ளை அட்டைகளில் இரண்டு கோட் அடித்தேன். சுற்றிலும் வெள்ளை விளிம்பு விட்டால்தான் பழைய சுவரின் நிறம் கண்ணை ஏமாற்றாது. ஈரத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காய்ந்தால் நிறம் மாறும். ஜன்னல் சுவர், எதிர்ச் சுவர், காலை, மாலை, விளக்கு வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். பெயின்டர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். இன்னொன்று: நாலு சுவரும் ஒன்றன்மேல் ஒன்று நிறத்தை வீசுவதால், அட்டையில் அளவாகத் தெரியும் ஐவரி அறையில் மஞ்சள் கூடித் தெரியும். ஒரு படி வெளிர்ந்ததையே எடுக்கலாம்.

வெயில் கொட்டும் மேற்கு அறைக்கு ஆஃப் ஒயிட்டே இருக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. உள்ளறைக்கு ஐவரி. அந்த அட்டை மூன்று நாளாக அங்கே சாய்த்து வைத்திருக்கிறது. அம்மா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். நேற்று, "கட்டிலை எந்தப் பக்கம் போடுவே?" என்று கேட்டாள்.